பிரெக்ஸிட்டும் சிறு வணிகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் கடையும் சிறு தொழிலும் நடத்தும் தமிழர்களின் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது பற்றி அவர்களும், ஐரோப்பாவிலும் ஊரிலும் இருக்கும் அவர்களுடைய உறவினர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் தந்திருக்கிறேன். விதிகள் மாறக்கூடியவை, பொருளை அனுப்புவதற்கு முன் சுங்க முகவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

பிரெக்ஸிட், பிரெக்ஸிட் என்கிறார்கள். உண்மையில் எப்போது, எதை விட்டு வெளியேறினோம்?

பிரித்தானியா 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1975இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் அதில் தொடர்ந்து இருக்கவே விரும்பினர். 2016 ஜூன் 23 அன்று அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது 51.9 சதவீதத்தினர் வெளியேறவும் 48.1 சதவீதத்தினர் இருக்கவும் வாக்களித்தனர். இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொல்ல, ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் இருக்கச் சொன்னதால், முடிவு வந்த அன்றே நாடு நான்கு துண்டுகளாக நின்று பேசத் தொடங்கியது.

சட்டப்படி வெளியேறிய நாள் 2020 ஜனவரி 31. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை பழைய விதிகளே நடைமுறையில் இருந்தன. வணிகர்கள் மாற்றத்தைக் கண்ணால் கண்ட நாள் 2021 ஜனவரி 1. புதிய வர்த்தக ஒப்பந்தத்தில் இரு தரப்பும் உடன்பட்டது 2020 டிசம்பர் 24 அன்றுதான். ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு தயாராவதற்கு, நத்தார் விடுமுறையோடு சேர்த்து ஒரு வாரமே கிடைத்தது. பெரிய நிறுவனங்களிடம் அதைப் படித்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள், கடைக்காரரிடம் இல்லை.

ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் என்று இரண்டு பெயர்கள் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. சுங்க ஒன்றியம் என்பது உறுப்பு நாடுகள் தங்களுக்குள் தீர்வை வசூலிக்காமல், வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லோரும் ஒரே தீர்வை விதிப்பது. ஒற்றைச் சந்தை என்பது பொருளின் தரம், உணவுப் பாதுகாப்பு, தொழிற்தகைமை போன்றவற்றுக்குப் பொது விதிகளை வைத்து, பொருளும் சேவையும் மூலதனமும் ஆட்களும் தடையின்றிச் செல்ல விடுவது. முதலாவது தீர்வையையும் பொருள் எங்கே உருவானது என்ற கேள்வியையும் நீக்குகிறது. இரண்டாவது தரச் சான்றிதழ்களையும் விசாவையும் நீக்குகிறது.

இரண்டும் தனித்தனி என்பதற்கு அயல்நாடுகளே சான்று. நோர்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி பெரும்பாலான தொழிற்துறைப் பொருள்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. சுவிட்சர்லாந்து தனித்தனி உடன்படிக்கைகளால் தனக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை (இனி ஒன்றியம் என்று மட்டும் சொன்னால் அதுவே) விட்டு வெளியேறுபவர்களுக்குப் பல வாசல்கள் உண்டு. பிரித்தானியா இரண்டையும் ஒரே நாளில் விட்டது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்தே பிறப்பவை.

ஒப்பந்தம் போட்டாயிற்று, தீர்வை கிடையாது என்றார்கள். பிறகு ஏன் ஒவ்வொரு பெட்டிக்கும் பணம் கேட்கிறார்கள்?

தீர்வை கிடையாது என்பது உண்மை, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்தப் பொருள் பிரித்தானியாவிலோ ஒன்றியத்திலோ உருவானது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மேலாக, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் சுங்க அறிவிப்பு வேண்டும்; அதில் பொருளுக்குரிய வகைப்பாட்டு எண்ணைச் சரியாகக் குறிக்க வேண்டும்; அனுப்புபவரிடம் இஓஆர்ஐ என்ற வணிகர் பதிவு எண் இருக்க வேண்டும். இறைச்சி, மீன், பால், முட்டை சேர்ந்தவற்றுக்கு அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழும், செடி கொடிகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். பொருளை வாங்கும் நாட்டில் பெறுமதிசேர் வரியான வற் எல்லையிலேயே கணக்கிடப்படும்.

ஆகவே உங்களிடம் கேட்கப்படும் பணத்தில் பெரும்பகுதி தீர்வை அன்று, படிவத்துக்கான கூலி. சுங்க முகவரின் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், பார்சல் நிறுவனம் வரியை முன்பணமாகக் கட்டியதற்கு எடுக்கும் கட்டணம் ஆகியவை சேர்ந்தே அந்தத் தொகை வருகிறது. அரசியல் மேடைகளில் தீர்வையைப் பற்றியே பேசியதால், இந்தக் கூலியைப் பற்றி யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பெரிய கம்பனிகளுக்கும் இதே விதிகள்தானே? சிறியவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகிறார்கள்?

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால்தான் சிறியவர்கள் பாதிக்கப்படுகிறார்கள். ஒரு சுங்க அறிவிப்பை நிரப்பும் வேலை, லொறி நிறைய ஒரே பொருளை ஏற்றினாலும் ஒரேயொரு பெட்டியை ஏற்றினாலும் ஏறத்தாழ ஒன்றே. நாற்பதாயிரம் பவுண் பெறுமதியான சரக்கில் அந்தச் செலவு தெரியாது. நானூறு பவுண் பெறுமதியான சரக்கில் அது இலாபம் முழுவதையும் தின்றுவிடும்.

இதைவிடக் கடுமையானது கூட்டுச் சரக்கில் வரும் சிக்கல். சிறிய வணிகர்கள் முழு லொறியை வாடகைக்கு எடுப்பதில்லை. பலருடைய சரக்குகள் ஒரே லொறியில் போகும். அவற்றில் ஒருவருடைய தாளில் ஓர் எண் பிழைத்தாலும் லொறி முழுவதும் நிறுத்தப்படலாம். இதனால் 2021இன் தொடக்க மாதங்களில் போக்குவரத்து நிறுவனங்கள் சில, உணவுப் பொருள்களைக் கூட்டாக ஏற்றுவதையே நிறுத்திவைத்தன. லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நிறுவனங்களில் சுமார் 14 சதவீதம், அதாவது ஏறத்தாழ 16,400 நிறுவனங்கள், அதை அடியோடு விட்டுவிட்டன. பெரிய ஏற்றுமதியாளர்கள் சமாளித்துக்கொண்டார்கள். விட்டவர்களில் பெரும்பாலோர் சிறியவர்கள். அரசு 2021இல் சிறு வணிகர்களின் பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் 2 கோடி பவுண் நிதி ஒதுக்கி, ஒருவருக்கு 2,000 பவுண் வரை தருவதாக அறிவித்தது. ஒருமுறை கிடைக்கும் அந்த உதவி, மாதந்தோறும் வரும் செலவுக்கு ஈடாகவில்லை.

நான் மூலைக்கடை வைத்திருக்கிறேன். ஒரு பொருளையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெரும்பாலான சிறு வணிகங்கள் உங்களைப் போன்றவையே; அவர்களுக்குப் பாதிப்பு ஏற்றுமதி வழியாக வருவதில்லை, விலை வழியாக வருகிறது. வாக்கெடுப்பு முடிவு வந்த இரவிலேயே பவுணின் மதிப்பு டொலருக்கு எதிராக 1985க்குப் பின் காணாத அளவுக்குச் சரிந்தது. இறக்குமதியாகும் பொருள்களின் விலை அப்போதே ஏறத் தொடங்கியது. உங்கள் கடையிலுள்ள ஸ்பானியத் தக்காளியும் ஐரிஷ் வெண்ணெயும் இத்தாலிய டின் உணவுகளும் அதில் அடக்கம்.

அதன் பிறகு, எல்லையில் வந்த செலவுகள் மொத்த வியாபாரியின் இன்வொய்ஸில் ஏறி உங்களிடம் வந்தன. அதே லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வு மையம் 2022இல் கணக்கிட்டதில், 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தக் காரணத்தால் மட்டும் ஒரு சராசரிக் குடும்பத்தின் உணவுச் செலவு 210 பவுண் கூடியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பங்கள் வருமானத்தில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடுவதால், அவர்களையே இது அதிகம் அழுத்தியது. அவர்கள்தான் மூலைக்கடைகளின் அன்றாட வாடிக்கையாளர்கள்.

நாங்கள் லண்டனில் இறக்கும் இலங்கை, இந்தியச் சாமான்களை முன்பு பரிஸின் லாச்சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளுக்கு அப்படியே அனுப்புவோம். இப்போது ஏன் இரண்டு முறை தீர்வை?

நம்மவர்களை மிக நேரடியாகத் தாக்கிய மாற்றம் இதுவே. முன்பு கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த பொருள் பிரித்தானியத் துறைமுகத்தில் ஒருமுறை தீர்வை கட்டிவிட்டால், அது ஒன்றியம் முழுவதும் சுதந்திரமாகச் செல்லும் பொருளாகிவிடும். அந்த வசதியை வைத்தே லண்டனை மையமாகக் கொண்டு பரிஸுக்கும் ஜேர்மன் நகரங்களுக்கும் வேன்களில் சாமான் போய்க்கொண்டிருந்தது. இப்போது பிரித்தானியாவில் தீர்வை கட்டுவது பிரித்தானியாவுக்கு மட்டுமே. அதே பொருள் பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் இறங்கும்போது ஒன்றியத்தின் கண்ணில் அது இலங்கைப் பொருள் அல்லது இந்தியப் பொருள். முன் சொன்ன தீர்வையில்லா ஒப்பந்தம் அதற்குப் பொருந்தாது. லண்டனில் பொதி செய்து பிரித்தானிய முகவரியை அச்சிட்டாலும் நிலைமை மாறாது. பொதி செய்தல், தரம் பிரித்தல், பெயர்ச்சீட்டு ஒட்டுதல் ஆகியவை ஒரு பொருளின் மூலநாட்டை மாற்றப் போதாதவை என்று ஒப்பந்தமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

வழிகள் இருக்கின்றன. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய பங்கை ரொட்டர்டாம் போன்ற ஒன்றியத் துறைமுகத்தில் நேரடியாக இறக்குவது ஒன்று. லண்டனில் சுங்கக் கட்டுப்பாட்டுக் களஞ்சியத்தில் வைத்து, பிரித்தானியத் தீர்வை கட்டாமலே மறுஏற்றுமதி செய்வது இன்னொன்று. முதலாவதற்கு அங்கே கிளையும் ஆளும் வேண்டும். இரண்டாவதற்கு அனுமதியும் ஒழுங்கான பதிவேடும் வேண்டும். இரண்டுமே பெரிய மொத்த வியாபாரிக்கு எட்டக்கூடியவை. ஒரு வேனும் ஒரு களஞ்சிய அறையும் வைத்திருந்தவர் இந்த வியாபாரத்திலிருந்து விலக நேர்ந்தது.

பரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மட்டன் றோல்ஸும் கருவாடும் கொண்டுபோகலாமா?

றோல்ஸ் கொண்டுபோக முடியாது. பிரித்தானியாவிலிருந்து ஒன்றியத்துக்குள் செல்லும் பயணிகள் இறைச்சியும் பாற்பொருளும் எடுத்துச் செல்வது 2021 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த மாதத்திலேயே நெதர்லாந்துச் சுங்க அதிகாரிகள் லொறிச் சாரதிகளின் மதியச் சாப்பாட்டிலிருந்த இறைச்சிச் சாண்ட்விச்சுகளைக் கூடப் பறித்தார்கள். கருவாட்டுக்கு விதி வேறு: தனிப்பட்ட பாவனைக்காக 20 கிலோ வரை மீன் பொருள்கள் கொண்டுபோகலாம். விற்பனைக்கென்றால் அளவு எதுவாக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பதப்படுத்தப்பட்டதாகவும் சுகாதாரச் சான்றிதழ் உடையதாகவும் இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போதும் கவனம் தேவை. ஐரோப்பாவில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவியதையடுத்து, 2025 ஏப்ரல் முதல் ஒன்றியத்திலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் எடுத்து வருவதைப் பிரித்தானியாவும் தடை செய்தது.

இணையத்தில் சேலை விற்கிறேன். ஜேர்மனி வாடிக்கையாளர்கள் வரி கட்டச் சொல்கிறார்கள் என்று பார்சலைத் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முதலாவது வற். 22 யூரோவுக்குக் குறைந்த பார்சல்களுக்கு இருந்த விலக்கை ஒன்றியம் 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. இப்போது விற்பனைப் பார்சல் எதற்கும் அங்கே வற் உண்டு. 150 யூரோ வரையான பார்சல்களுக்கு ஐஓஎஸ்எஸ் என்ற பதிவுமுறை இருக்கிறது. அதில் ஒன்றியத்திலுள்ள இடைநிலையாளர் ஒருவர் வழியாகப் பதிந்துகொண்டால், விற்கும்போதே வரியை நீங்கள் வாங்கிக் கட்டலாம். வாடிக்கையாளரிடம் வாசலில் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். திருப்பி வரும் பார்சல்களுக்கு இதுவே மருந்து.

இரண்டாவது மூலநாடு. காஞ்சிபுரத்தில் நெய்த சேலை லண்டனிலிருந்து போனாலும் இந்தியப் பொருள்தான், லாச்சப்பல் பற்றிய பதிலில் சொன்ன காரணத்தால். மூன்றாவது பலர் இன்னும் அறியாதது: 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதியின்படி, உணவல்லாத நுகர்பொருளை ஒன்றியத்தில் விற்பவர் அங்கே பொறுப்பாளர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் முகவரியையும் பொருளோடு தர வேண்டும். வட அயர்லாந்துக்கும் இது பொருந்தும். கைவினைப் பொருள் விற்கும் தனியாட்கள் பலர் இந்த விதியோடு ஐரோப்பிய விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். பணம் வாங்காமல் உறவினருக்கு அனுப்பும் பரிசுக்கு மட்டும் 45 யூரோ வரை விலக்கு இருக்கிறது. விற்பனைப் பார்சலில் பரிசு என்று எழுதுவது குற்றம்.

ஐரோப்பா முதல் நாளே எல்லையில் சோதனை தொடங்கியது. நம் அரசு ஏன் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது?

துறைமுகங்களில் வசதி தயாராக இருக்கவில்லை. உணவுத் தட்டுப்பாடும் விலையேற்றமும் வருமென்ற அச்சமும் இருந்தது. முழுச் சோதனையை ஐந்து முறை தள்ளிப்போட்ட பிறகு, 2024 ஜனவரி 31 முதல் சான்றிதழ்களும், ஏப்ரல் 30 முதல் நேரடிச் சோதனைகளும் தொடங்கின. டோவர் துறைமுகம் வழியாகவும் பிரான்ஸிலிருந்து வரும் கடலடிச் சுரங்கப்பாதை வழியாகவும் வரும் தாவர, விலங்குப் பொருள்களுக்கு ஓர் அனுப்புதலுக்கு 145 பவுண் வரை பொதுக் கட்டணம் விதிக்கப்பட்டது. பொருள் சோதிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கட்டணம் உண்டு.

அந்த இடைக்காலம் முழுவதும் ஐரோப்பிய விற்பனையாளர் முழுச் சோதனையின்றி இங்கே அனுப்பிக்கொண்டிருக்க, இங்குள்ள சிறு உற்பத்தியாளர் அங்கே அனுப்பத் தடுமாறினார். அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு நாளையும் நம்பித் தயாரானவர்கள், பயிற்சிக்கும் மென்பொருளுக்கும் வீணாகச் செலவழித்தார்கள். கடினமான விதியோடு ஒரு வணிகரால் வாழ முடியும். நாள் குறிக்கப்பட்டு நாள் மாற்றப்படும் விதியோடு திட்டமிடவே முடியாது.

பெல்பாஸ்ட் கடைக்கு அனுப்புவதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதுபோல் ஆகிவிட்டதே, அதுவும் இந்த நாடுதானே?

நாடு ஒன்றுதான், ஆனால் பொருள்களைப் பொறுத்தவரை வட அயர்லாந்து ஒன்றியத்தின் விதிகளைப் பின்பற்றுகிறது. அயர்லாந்துத் தீவின் நடுவே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் நீளமான எல்லை ஓடுகிறது. நீண்ட வன்முறைக்குப் பின் 1998இல் எட்டப்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கையின் அமைதி, அந்த எல்லை திறந்திருப்பதோடு பின்னிப் பிணைந்தது. அங்கே சோதனைச் சாவடி வைக்க யாரும் துணியவில்லை. அதனால் சோதனை, பிரித்தானியாவுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான கடலுக்கு நகர்ந்தது.

2023 பிப்ரவரியில் உடன்பட்ட விண்ட்சர் கட்டமைப்பின்படி, வட அயர்லாந்திலேயே விற்கப்படும் பொருள்கள் எளிய பச்சைப் பாதையிலும், அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடியவை முழுப் படிவங்களோடு சிவப்புப் பாதையிலும் செல்கின்றன. பச்சைப் பாதைக்கும் முன்பதிவு வேண்டும். பல உணவுப் பொதிகளில் ‘ஒன்றியத்துக்கு அன்று’ என்று அச்சிட வேண்டும். இந்தக் கடல் எல்லையை எதிர்த்து பிரித்தானியாவோடு இணைந்திருக்க விரும்பும் அங்குள்ள ஜனநாயக ஒன்றியக் கட்சி விலகி நின்றதால் அந்தப் பிராந்திய ஆட்சியே 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. ஒரு சரக்குப் படிவம் ஒரு சமூகத்தின் அடையாளக் கேள்வியாக மாறக்கூடும் என்பதை லண்டனில் முடிவெடுத்தவர்கள் காலந்தாழ்த்தியே உணர்ந்தார்கள் என்பது என் கருத்து.

வெளியேறினால் நம் நாடுகளிலிருந்து சமையற்காரர்களை எடுக்கலாம் என்றார்களே, அது என்னவாயிற்று?

அந்த வாக்குறுதி உண்மையில் தரப்பட்டது. அப்போது வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த பிரித்தி படேல், ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் தெற்காசியாவிலிருந்து சமையற்காரர்களை அழைப்பது எளிதாகும், கறி உணவகங்கள் காப்பாற்றப்படும் என்று 2016இல் பரப்புரை செய்தார். வங்கதேச உணவக உரிமையாளர்கள் பலர் அதை நம்பி வெளியேறும் பக்கம் நின்றார்கள்.

2021இல் வந்த புள்ளி முறையில் ஐரோப்பியரும் ஆசியரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த வரிசைக்கான வாசல் உயர்ந்துகொண்டே போனது. 2024 ஏப்ரலில் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 38,700 பவுண் ஆனது. 2025 ஜூலையில் பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழான பெரும்பாலான வேலைகள் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டன. சமையல் வேலையும் அவற்றுள் ஒன்று. போலந்துப் பணியாளரும் வரவில்லை, வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சமையற்காரரும் வரவில்லை. மறுபக்கம், குடிவரவைக் குறைப்போம் என்று சொல்லி வென்ற வாக்கெடுப்புக்குப் பின், மாணவர்களாலும் பராமரிப்புப் பணியாளர்களாலும் நாட்டின் நிகரக் குடிவரவு 2023இல் ஓராண்டுக்கு 9 இலட்சத்தைத் தாண்டியது. ஆட்கள் தேவைப்பட்ட உணவகக்காரருக்கும் ஆட்கள் வேண்டாம் என்றவருக்கும் சொன்னது நடக்கவில்லை.

வெளியேறினால் வாரம் 35 கோடி பவுண் மிச்சமாகி மருத்துவமனைகளுக்குப் போகும் என்று பரப்புரைப் பேருந்தில் எழுதினார்களே, அது உண்மையா?

ஒன்றியத்துக்கு நாம் கட்டிவந்த பணம் என்று சொல்லப்பட்ட அந்தத் தொகை கணக்கில் பிழையானது. பிரித்தானியாவுக்கு ஒன்றியம் தந்துவந்த தள்ளுபடி பணம் அனுப்பப்படும் முன்பே கழிக்கப்பட்டது. அதைக் கழித்தால் வாரத்துக்குச் சுமார் 25 கோடி பவுண். விவசாயிகளுக்கும் பின்தங்கிய பிரதேசங்களுக்கும் ஒன்றியம் திருப்பித் தந்ததைக் கழித்தால் அது இன்னும் குறையும். அரசின் புள்ளிவிவர ஆணையம் அந்த வாசகம் தவறான எண்ணத்தைத் தருவதாக வாக்கெடுப்புக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னது.

எனக்கு வருத்தம் தருவது பிழையான எண்ணை விட, அந்த எண்ணைச் சுற்றியே விவாதம் நின்றதுதான். 35 கோடியா, 25 கோடியா என்று நாடு சண்டையிட்ட வாரங்களில், ஒற்றைச் சந்தையையும் விட்டால் ஒரு பெட்டிக்கு எத்தனை தாள் வேண்டும் என்ற கேள்வி மேடைக்கே வரவில்லை.

சிறு வணிகர்களே பலர் வெளியேற வாக்களித்தார்கள். அவர்கள் ஏமாந்தார்கள் என்றுதானே சொல்ல வேண்டும்?

அப்படிச் சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன். முடிதிருத்தகமோ தச்சுப் பட்டறையோ நடத்துபவர் ஒரு பொருளையும் கடல் கடந்து அனுப்புவதில்லை. ஆனால் ஒன்றியத்தின் விதிகளை அவரும் பின்பற்ற வேண்டியிருந்தது. நன்மை தெரியாமல் சுமை மட்டும் தெரிந்தவர் அதை இறக்கிவைக்க விரும்பியதில் தவறில்லை. சட்டம் இயற்றும் அதிகாரம் நாம் தேர்ந்தெடுத்து நீக்கக்கூடியவர்களிடமே இருக்க வேண்டும் என்பதும் மதிக்கத்தக்க வாதம். வணிக அமைப்புகளே அன்று பிளவுபட்டிருந்தன. சிறு வணிகங்களின் கூட்டமைப்பு நடுநிலை வகித்தது. நடுநிலை வகித்த பிரித்தானிய வர்த்தக சபைகளின் தலைமை இயக்குநர் ஜோன் லோங்வர்த், வெளியேறுவதை ஆதரித்துப் பேசியதால் பதவி விலகினார்.

வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி: இருப்பதா, வெளியேறுவதா. எப்படி வெளியேறுவது என்று அதில் யாரும் கேட்கவில்லை. நோர்வே போலவா, துருக்கி போலவா, இரண்டையும் விட்டா என்பது வேறொரு கேள்வி; சிறு வணிகரின் வாழ்வைத் தீர்மானித்தது அதுதான். முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை இரண்டாவதற்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். எங்கள் பிரச்சினை அங்கே பேசப்படவே இல்லையா?

ஒருமுறை மிக நெருங்கி வந்தது. 2017 ஜனவரியில் பிரதமர் தெரேசா மே ஒற்றைச் சந்தையில் நீடிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15 அன்று 432க்கு 202 என்று தோற்கடிக்கப்பட்டது. பிறகு உறுப்பினர்கள் மாற்று வழிகளை ஒவ்வொன்றாக வாக்கெடுப்புக்கு எடுத்தார்கள். ஏப்ரல் 1 அன்று, ஒன்றியத்தோடு நிரந்தரச் சுங்க ஒன்றியம் வேண்டும் என்ற கன்சர்வேட்டிவ் உறுப்பினர் கென் கிளார்க்கின் தீர்மானத்துக்கு ஆதரவாக 273 பேரும் எதிராக 276 பேரும் வாக்களித்தனர். மூன்றே வாக்குகள். அது கட்டுப்படுத்தும் தீர்மானம் அன்று. ஆனால் அந்த வழியில் போயிருந்தால் லாச்சப்பல் கேள்வியும் சேலைக் கேள்வியில் பாதியும் இந்தப் பக்கத்தில் இருந்திருக்காது.

அது தோற்றதற்கு ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முழுமையாக வெளியேற விரும்பியவர்கள் அதைப் பாதி வெளியேற்றம் என்றார்கள். மறு வாக்கெடுப்பை விரும்பியவர்களில் சிலர் இதை ஏற்றால் அந்த வாய்ப்புப் போய்விடும் என்று விலகி நின்றார்கள். நடுவழி என்பது இரு பக்கத்தாருக்கும் தோல்வியாகத் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 80 இடப் பெரும்பான்மையோடு வென்ற பொரிஸ் ஜோன்சன், இரண்டையும் விட்டு வெளியேறும் வழியை நிறைவேற்றினார்.

அரசியலில் அதிகம் பேசப்பட்ட மீனவர்களுக்கு நடந்ததோ இதைவிட வேதனை. மீன்பிடித்தல் நாட்டின் பொருளாதாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் பரப்புரையில் அதற்கு முதலிடம் தரப்பட்டது. வெளியேறிய பின் சுத்திகரிக்கப்படாத உயிர்ச் சிப்பிகளைப் பல கடற்பகுதிகளிலிருந்து ஒன்றியத்துக்கு விற்கவே முடியாமற்போனது. 2021 ஜனவரியில் கடலுணவு வணிகர்கள் தங்கள் லொறிகளை லண்டனில் நாடாளுமன்றத்தருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒன்றியத்துப் படகுகள் பிரித்தானியக் கடலில் மீன்பிடிக்கும் உரிமை 2025இல் மேலும் 12 ஆண்டுகளுக்கு, 2038 வரை நீட்டிக்கப்பட்டது.

கொரோனா வந்தது, உக்ரேன் போர் வந்தது. எல்லாவற்றையும் பிரெக்ஸிட் தலையில் போடுவது சரியா?

சரியில்லை. 2022இன் மின் கட்டண உயர்வுக்குப் பெருங்காரணம் எரிவாயு விலை. லொறிச் சாரதிகளுக்கான தட்டுப்பாடு 2021இல் ஐரோப்பா முழுவதும் இருந்தது. உங்கள் கடையின் மின் கட்டணச் சீட்டுக்கு பிரெக்ஸிட்டைக் காரணம் காட்டினால், உண்மையான வாதமும் சேர்ந்து பலவீனப்படும். பிரித்துப் பார்ப்பதற்கு ஆய்வாளர்கள் பிரித்தானியாவை அதே கொரோனாவையும் அதே போரையும் சந்தித்த மற்ற நாடுகளோடு ஒப்பிடுகிறார்கள். அல்லது ஒன்றியத்தோடு வணிகம் செய்த நிறுவனங்களையும் செய்யாதவற்றையும் ஒப்பிடுகிறார்கள். அரசின் வரவுசெலவைச் சுயாதீனமாக மதிப்பிடும் அலுவலகம், நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் ஒன்றியத்தில் இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட 4 சதவீதம் குறையும் என்ற கணிப்பையே தொடர்ந்து பயன்படுத்தி வந்திருக்கிறது.

இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இழந்தது அதில் திரும்பி வருமா?

பலன் உண்டு, ஈடாகாது. 2025 ஜூலை 24 அன்று கையொப்பமான இந்திய ஒப்பந்தம், இந்திய ஆடைகள் மீது பிரித்தானியா விதித்துவந்த தீர்வையை நீக்க வழி செய்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் அவர்களிடம் வாங்கும் இங்குள்ள கடைக்காரர்களும் அதை எதிர்பார்த்திருப்பதில் பொருளுண்டு. 2024 டிசம்பரில் பிரித்தானியா பசிபிக் வட்டார வர்த்தகக் கூட்டிலும் சேர்ந்தது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் இந்த ஒப்பந்தங்களைத் தனியாகச் செய்திருக்க முடியாது. ஆனால் இந்திய ஒப்பந்தத்தால் பொருளாதாரம் நீண்ட காலத்தில் 0.1 சதவீதத்தை ஒட்டியே வளரும் என்பது அரசின் சொந்தக் கணிப்பு. முன் பதிலிலுள்ள 4 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறியது தவறு என்கிறார்களாம். பிறகு ஏன் திரும்பச் சேரக்கூடாது?

கருத்துக்கணிப்புகள் சில ஆண்டுகளாக அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் தவறு என்பதற்கும் திரும்பச் சேர்வதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது. பழைய தள்ளுபடியும், யூரோ நாணயத்தில் சேராமலிருக்கும் பழைய விலக்கும் மீண்டும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். அந்த விவாதம் குடும்பங்களைக்கூடப் பிரித்த 2016ஐ மீண்டும் கொண்டுவரும் என்று இரு பெரிய கட்சிகளும் அஞ்சுகின்றன. 2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியும் ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்புவதில்லை என்று தேர்தல் அறிக்கையிலேயே சொன்னது.

உணவுக்குப் புது உடன்பாடு வரப்போகிறதாமே. வந்தால் இந்தப் படிவங்கள் எல்லாம் ஒழிந்துவிடுமா?

2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில், உணவு, தாவர, விலங்குச் சுகாதார விதிகளில் பொது உடன்பாட்டை நோக்கிச் செல்ல இரு தரப்பும் இசைந்தன. அது நடைமுறைக்கு வந்தால் கால்நடை மருத்துவரின் சான்றிதழும், தாவரச் சான்றிதழும், எல்லையில் உணவுச் சோதனையும் பெருமளவு நீங்கும். உணவுப் பொருளைக் கூட்டுச் சரக்கில் அனுப்பும் சிறு வணிகருக்கு 2021க்குப் பின் கிடைக்கும் மிகப் பெரிய நிவாரணம் அதுவாக இருக்கும். அதற்கு விலையும் உண்டு: ஒன்றியம் தன் உணவு விதியை மாற்றும்போதெல்லாம் பிரித்தானியாவும் மாற்ற வேண்டும், ஒன்றியச் சட்டத்தின் பொருள் பற்றிய பிணக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் சொல்லே இறுதி. வாக்கில்லாமல் விதியை ஏற்பதா என்று இதை எதிர்ப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. என் கணக்கில், அந்த விலை கொடுக்கத்தக்கது. ஒன்றியத்துக்கு அனுப்பும் பொருள் எப்படியும் ஒன்றியத்தின் விதிக்கு உட்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். அதை ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக நிரூபிப்பதால் நாட்டின் இறைமை கூடிவிடுவதில்லை.

ஆனால் எல்லாப் படிவங்களும் ஒழியா. சுங்க ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும்வரை சுங்க அறிவிப்பும், மூலநாட்டு நிரூபணமும், வற் கணக்கும் தொடரும்; சேலைக்கும் லாச்சப்பல் சரக்குக்கும் தீர்வை விதி மாறாது. ஆகவே இப்போது வைத்திருக்கும் இஓஆர்ஐ எண்ணையும் ஐஓஎஸ்எஸ் பதிவையும் விட்டுவிடாதீர்கள். சான்றிதழ்ச் செலவைச் சுங்கச் செலவிலிருந்து பிரித்து இப்போதே தனியாகக் கணக்கு வையுங்கள். உடன்பாடு வரும் நாளில் எதைக் குறைக்கலாம் என்று மொத்த வியாபாரியிடம் கேட்க அந்தக் கணக்கு உதவும்.